புயலுக்குப் பேர் வைக்கிறது யார்?



ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நம்ம பள்ளியில் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "நாளைக்கு லீவா?" இரண்டாவது கேள்வி, "இந்தப் புயலுக்கு என்ன பேரு?" முதல் கேள்விக்குக் கலெக்டர்தான் பதில் சொல்லணும். இரண்டாவது கேள்விக்கு நான் படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கடல் இல்லாத ஊருக்குப் புயல் வருமா?

"நமக்கென்ன, நாகப்பட்டினத்துக்காரங்கதான் பயப்படணும்" என்று நம்மில் பலர் நினைக்கிறோம். திருச்சியில் கடல் இல்லை. செய்தியில் "துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது" என்று சொல்வார்களே, அந்தக் கூண்டும் நமக்குக் கிடையாது. ஏற்றணும் என்றால் மலைக்கோட்டை உச்சியில்தான் ஏற்றணும்!

ஆனால் எங்க அப்பாயியிடம் கேட்டால் வேறு கதை வரும். 1977 நவம்பர் 12-ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினம் பக்கம் ஒரு பெரிய புயல் கரையைக் கடந்தது. அது அங்கேயே நிற்கவில்லை. தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டை என்று உள்ளே வந்துவிட்டது. அப்பாயி அப்போது கல்யாணமாகி வந்த புதுசு. "காத்து அடிச்சு ஓஞ்ச பிறகுதான் புள்ள தண்ணி வந்துச்சு. காவேரி ஒரு பக்கம், கோரையாறு ஒரு பக்கம். எந்தப் பக்கம் ஓடுறதுன்னு தெரியல" என்று இப்பவும் சொல்லும்.

அதற்குக் காரணம் நம்ம ஊரின் அமைப்பு. காவிரி முக்கொம்பில் இரண்டாகப் பிரிகிறது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் ஸ்ரீரங்கம் தீவு மாதிரி இருக்கிறது. தெற்கே மணப்பாறைப் பக்கம் பெய்கிற மழை கோரையாறு, அரியாறு, குடமுருட்டி வழியாகத் திருச்சிக்குள் வந்து காவிரியில் சேருகிறது. மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கும் நேரத்தில் இந்தக் காட்டாறுகளிலும் வெள்ளம் வந்தால் ஊர் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

புயல் எப்படி உருவாகிறது?

கடல் நீர் சூடாக இருக்கணும், சுமார் 26.5 டிகிரிக்கு மேல். அந்தச் சூட்டில் ஈரக்காற்று மேலே எழும். கீழே காற்றழுத்தம் குறையும். குறைந்த இடத்தை நிரப்பச் சுற்றிலும் இருந்து காற்று ஓடிவரும். பூமி சுற்றுவதால் அந்தக் காற்று நேராக வராமல் சுழன்று வரும். நம்ம பக்கம் அது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும்.

காற்றின் வேகத்தை வைத்து வானிலைத் துறையினர் இப்படிப் பிரிக்கிறார்கள்:

1. தாழ்வு மண்டலம்: மணிக்கு 31 முதல் 49 கிலோமீட்டர்
2. ஆழ்ந்த தாழ்வு மண்டலம்: 50 முதல் 61
3. புயல்: 62 முதல் 88
4. தீவிரப் புயல்: 89 முதல் 117
5. மிகத் தீவிரப் புயல்: 118-க்கு மேல்

இதில் 62-ஐத் தொட்டால்தான் பேர். 61 என்றால் பேர் கிடையாது! நம்ம பரீட்சையில் 34 மார்க் எடுத்தவன் கதைதான்.

கரைக்கு வந்ததும் சூடான கடல் நீர் கிடைக்காததால் புயல் பலம் இழக்கும். காற்று குறையும். ஆனால் அது சுமந்து வந்த மேகம் எங்கே போகும்? உள்ளூரில்தான் கொட்டும். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

முன்பெல்லாம் என்ன பேர்?

1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலைத் 'தனுஷ்கோடிப் புயல்' என்கிறோம். எந்த ஊரை அழித்ததோ அந்த ஊரின் பேரே அதற்கு ஆகிவிட்டது. பாம்பனிலிருந்து போன ரயிலே கடலுக்குள் போய்விட்டது. 1977-இல் நாகப்பட்டினப் புயல் வந்து ஒரு வாரத்தில், நவம்பர் 19-ஆம் தேதி, ஆந்திராவின் திவிசீமாவை இன்னொரு புயல் தாக்கிப் பத்தாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். இப்படி அடுத்தடுத்து வரும்போது எந்தப் புயலுக்கு எந்த எச்சரிக்கை என்று ஜனங்களுக்குக் குழப்பம் வரும். அதனால்தான் பேர் தேவைப்பட்டது.

வெளிநாட்டில் இது பழைய வழக்கம். ஆஸ்திரேலியாவில் கிளமென்ட் ராகி என்ற வானிலை அறிஞர் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே தனக்குப் பிடிக்காத அரசியல்வாதிகளின் பேரைப் புயலுக்கு வைத்தாராம்! அமெரிக்காவில் 1953 முதல் பெண்கள் பேரை மட்டும் வைத்தார்கள். (அழிக்கிறதுக்கெல்லாம் பொம்பளப் பேரா? நல்லா இருக்கே நியாயம்!) 1979 முதல் அட்லாண்டிக் புயல்களுக்கு ஆண்கள் பேரும் சேர்ந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் 2015 முதல் தங்கள் குளிர்காலப் புயல்களுக்கும் பேர் வைக்கின்றன. முதல் பேர் 'அபிகேல்'.

நம்ம கடலில் யார் வைக்கிறார்கள்?

வங்கக்கடல், அரபிக்கடல் புயல்களுக்குப் பேர் வைப்பது என்று 2000-ஆம் ஆண்டு மஸ்கட்டில் நடந்த கூட்டத்தில் முடிவானது. இந்தியா, வங்கதேசம், மாலத்தீவு, மியான்மர், ஓமன், பாகிஸ்தான், இலங்கை, தாய்லாந்து ஆகிய 8 நாடுகளும் ஆளுக்கு 8 வீதம் 64 பேர் கொடுத்தன. 2004-இல் வந்த 'ஓனில்' முதல் பேர். 2020 மே மாதம் 'ஆம்பன்' வந்ததோடு அந்த 64-ம் தீர்ந்துவிட்டது.

இதற்குள் ஈரான், கத்தார், சவுதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், ஏமன் ஆகிய 5 நாடுகளும் சேர்ந்தன. 13 நாடுகள், ஆளுக்கு 13 பேர், மொத்தம் 169. அந்தப் பட்டியல் 2020 ஏப்ரலில் வெளிவந்தது. நாடுகளை ஆங்கில அகர வரிசைப்படி வைத்து, வரிசையாக ஒவ்வொரு பேராக எடுப்பார்கள். புயல் 62 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும் டெல்லியில் உள்ள இந்திய வானிலை ஆய்வுத் துறை அடுத்த பேரை அறிவிக்கும்.

பேர் வைக்கச் சட்டமும் உண்டு. அரசியல், மதம், ஆண் பெண் என்று எதையும் சாரக்கூடாது. யார் மனதையும் புண்படுத்தக்கூடாது. சின்னதாக, சொல்ல எளிதாக இருக்கணும். ஆங்கிலத்தில் எட்டு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. ஒரு தடவை வைத்த பேரைத் திரும்ப வைக்க மாட்டார்கள். 2013-இல் இலங்கை கொடுத்த 'மகாசேன்' என்ற பேருக்கு இலங்கையிலேயே எதிர்ப்பு வந்தது. நாட்டை வாழவைத்த ராஜாவின் பேரை அழிக்கிற புயலுக்கு வைக்கலாமா என்று கேட்டார்கள். பிறகு அதை 'வியாரு' என்று மாற்றினார்கள்.

நமக்குத் தெரிந்த சில பேர்கள்:

தானே (2011, கடலூர்): மியான்மர் கொடுத்தது
வர்தா (2016, சென்னை): பாகிஸ்தான்
கஜா (2018, நாகப்பட்டினம் – வேதாரண்யம்): இலங்கை. யானை என்று பொருள்
நிவர் (2020, புதுச்சேரி அருகே): ஈரான்
மிக்ஜாம் (2023, சென்னையில் வெள்ளம்): மியான்மர்
டிட்வா (2025, இலங்கை): ஏமன். அங்கே 600 பேருக்கு மேல் இறந்தார்கள்

டிட்வாவோடு பட்டியலின் இரண்டாம் வரிசை முடிந்தது. மூன்றாம் வரிசையில் முதலில் வங்கதேசத்தின் 'அர்னப்', அடுத்து இந்தியாவின் 'முரசு'. ஆமாம், நம்ம தமிழ்ச் சொல்தான்!

பேர் வந்தால் என்ன லாபம்?

கஜா வந்தபோது எனக்கு ஏழு வயசு. 2018 நவம்பர் 15 ராத்திரி ஓட்டு வீட்டில் யாரும் தூங்கவில்லை. காலையில் தோப்பைப் பார்த்தால் குலை தள்ளின வாழையில் பாதி தரையில் கிடந்தது. வாழைக்கு மரம் மாதிரி கட்டை கிடையாது, வெறும் பட்டைதான். குலை பாரம் வேறு. ஒரு காத்துக்குத் தாங்காது. அந்த வருஷம் அண்ணன் பாலிடெக்னிக் பீஸுக்கு அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. திரும்ப வர ரெண்டு வருஷம் ஆச்சு. டெல்டா மாவட்டங்களில் இருபது, முப்பது வருஷத் தென்னையை இழந்தவர்களோடு பார்த்தால் எங்களுடையது சின்னக் கஷ்டம்தான்.

அதன்பிறகு எங்க வீட்டில் புயல் செய்தி வந்தாலே அப்பா சவுக்குக் கம்பு வாங்கி முட்டு கொடுக்க ஆரம்பித்துவிடுவார். முத்தின குலையை வெட்டி மார்க்கெட்டுக்கு அனுப்பிவிடுவார். 2024-இல் 'ஃபெஞ்சல்' வருகிறது என்றதும் அப்படித்தான் செய்தார். அது புதுச்சேரிப் பக்கம் போய்விட்டது. "வீண் செலவு" என்று பக்கத்துத் தோப்புக்காரர் சொன்னார். "மரம் நிக்குதுல்ல, அது போதும்" என்றார் அப்பா.

ஆனால் ஒன்று கவனியுங்கள். அந்த ஃபெஞ்சல் சில நாள் பேர் இல்லாமல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகவே கிடந்தது. நவம்பர் 29-ஆம் தேதிதான் புயலானது. 30-ஆம் தேதி இரவு கரையைக் கடந்தது. பேர் வரட்டும் என்று காத்திருந்தால் கையில் ஒரே ஒரு நாள்தான்! கரையைக் கடந்து பலம் இழந்த பிறகு, கடலே இல்லாத கிருஷ்ணகிரி மாவட்டம் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருவண்ணாமலையில் மண் சரிந்து 7 பேர் இறந்தார்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்ததே, அதற்குப் பேரே கிடையாது. வெறும் மேலடுக்குச் சுழற்சி!

ஆகவே நண்பர்களே, பேர் வந்தால் உஷாராகணும். பேர் வராவிட்டாலும் மழை அறிவிப்பைக் கேட்கணும். ஆற்றங்கரைப் பிள்ளைகள் வெள்ளம் பார்க்கப் படித்துறைக்குப் போகாதீர்கள். ரேஷன் கார்டு, மார்க் ஷீட், நிலப் பத்திரம் எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் கட்டிப் பரண் மேல் வையுங்கள். அறுந்த கரண்டு கம்பி பக்கம் போகாதீர்கள். டார்ச் லைட்டும் குடிதண்ணீரும் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் 1977-ஐப் பற்றிக் கேளுங்கள். எந்தத் தெருவில் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்த வாரக் கேள்வி: புயலுக்குப் பேர் வைக்க உங்களைக் கூப்பிட்டால் என்ன பேர் கொடுப்பீர்கள்? சட்டங்களை மறக்காதீர்கள்! எழுதி வகுப்புத் தலைவியிடம் கொடுங்கள். நல்ல பேர்கள் அடுத்த இதழில் வரும்.

– 9-ஆம் வகுப்பு மாணவி