ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும்

பனியிற் சறுக்கி ஓடிவந்து, மூச்சிரைக்கும் நெஞ்சோடு துப்பாக்கியை ஏந்திக் குறிபார்ப்பதே பயத்லோன். படுத்துச் சுடுகையில் 50 மீற்றருக்கு அப்பாலுள்ள இலக்கின் விட்டம் 45 மில்லிமீற்றர் மட்டுமே. பெரும்பாலான போட்டிகளில், தவறும் குண்டு ஒவ்வொன்றுக்கும் 150 மீற்றர் தண்டனைச் சுற்று.

2016-17 பருவகாலம் ஜேர்மனிய வீராங்கனை லோறா டால்மையருக்கே உரியது. 2017 பெப்ரவரியில் ஒஸ்ரியாவின் ஹொக்பில்சனில் நடைபெற்ற உலகச் சாம்பியன் போட்டியில் ஆறு ஓட்டங்களில் ஐந்து தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். அப்பருவத்தின் உலகக் கிண்ணமும் அவரிடமே சேர்ந்தது.

2018 ஒலிம்பிக்கில் மேலும் இரு தங்கங்கள். மறு ஆண்டே, 25 வயதில், போட்டிகளைத் துறந்து மலையேறப் போனார். வியந்தோர் பலர்.

2025 யூலையில் பாகிஸ்தானின் லைலா சிகரத்தில் பாறை வீழ்ந்து உயிரிழந்தார், வயது 31. தமக்காக எவரும் உயிரைப் பணயம் வைக்கலாகாதென முன்னரே எழுதிவைத்திருந்தார். மீட்புப் பணி நிறுத்தப்பட்டது.