வீட்டில் நுரையீரல் நோயாளி, வாசலில் சளியோடு விருந்தாளி: என்ன செய்யலாம்?

மதுரைப் பக்கம் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்தால் போதும், அன்று சாயங்காலமே ஆள் வந்துவிடும். ஒரு கையில் ஆரஞ்சுப் பழம், இன்னொரு கையில் ஹார்லிக்ஸ் பாட்டில். வராமல் விட்டால், "ஒரு எட்டு வந்து பாக்கல பாரு" என்ற பேச்சு வருஷக்கணக்கில் நிற்கும். அதனால் லேசாகக் காய்ச்சல் அடித்தாலும், மூக்கை உறிஞ்சிக்கொண்டாவது வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் இங்கே உண்டு. அதில் பாசத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், கட்டிலில் உட்கார்ந்திருப்பவருக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால், அந்தப் பாசத்தோடு வரும் சளி அவரை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய்விடலாம். "சளிதானே, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்பது வந்தவருக்குச் சரி. அப்பாவுக்கோ அப்பத்தாவுக்கோ அது பொருந்தாது. இதை மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? வந்தவரை எங்கே உட்காரவைப்பது? பார்க்கலாம்.

சாதாரண சளி, இவர்களுக்கு மட்டும் ஏன் பெரிசு?

சிஓபிடி எனப்படும் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயில் மூச்சுக்குழாய்கள் ஏற்கெனவே வீங்கிச் சுருங்கித்தான் இருக்கும். சளியை மேலே தள்ளி வெளியேற்றும் நுண்ணிய முடிகளும் பழுதாகியிருக்கும். இந்த நிலையில் ஒரு வைரஸ் உள்ளே போனால் வீக்கம் கூடும், சளி சேரும், இழுத்த காற்று முழுசாக வெளியே வராமல் உள்ளேயே தங்கும். நமக்கு மூக்கோடு நிற்கும் சமாச்சாரம், அவர்களுக்கு நெஞ்சுக்கு இறங்கிவிடுகிறது.

இதை மருத்துவர்கள் ஆய்வு செய்தும் பார்த்திருக்கிறார்கள். லண்டனில் ஜட்விகா வெட்சிகா குழுவினர் சிஓபிடி நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2001-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். நோய் திடீரென முற்றிய சம்பவங்களில் 64 சதவீதத்தில், அதற்கு முந்தைய 18 நாட்களுக்குள் அந்த நோயாளிக்குச் சாதாரண சளி பிடித்திருந்தது. 2011-ல் வெளியான இன்னொரு லண்டன் ஆய்வில், சிஓபிடி உள்ள 13 பேருக்கும் அது இல்லாத 13 பேருக்கும் சளியை உண்டாக்கும் ரைனோவைரஸை வேண்டுமென்றே கொடுத்துப் பார்த்தார்கள். இருமல், மூச்சுத்திணறல் போன்ற நெஞ்சுத் தொல்லைகள் சிஓபிடி உள்ளவர்களுக்கே அதிகமாகவும் நீண்ட நாட்களுக்கும் இருந்தன.

ஒவ்வொரு முறை நோய் முற்றும்போதும் பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆகலாம். சிலர் முழுசாகத் திரும்புவதே இல்லை. போன மாதம் வரை மாடிப்படி ஏறியவர், அதன் பிறகு பாத்ரூம் போகவே நடுவில் நின்று மூச்சு வாங்குவார். ஒரு சளியைத் தவிர்ப்பதன் மதிப்பு இதுதான்.

யாருக்கெல்லாம் இந்தக் கவனம் வேண்டும்?

சிஓபிடி மட்டுமல்ல. தீவிர ஆஸ்துமா, மூச்சுக்குழாய் விரிவு நோய், நுரையீரல் தழும்பு நோய், காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் பாதிப்பு தங்கிவிட்டவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். "எங்க வீட்ல யாரும் பீடி, சிகரெட் தொட்டதில்லையே" என்று நிம்மதி அடைய வேண்டாம். விறகடுப்புப் புகையில் முப்பது, நாற்பது வருஷம் சமைத்த பெண்களுக்கும் சிஓபிடி வருகிறது.

இந்தியாவில் 1990-ல் சுமார் 2.81 கோடி பேருக்கு இருந்த இந்த நோய், 2016-ல் சுமார் 5.53 கோடி பேருக்கு இருந்ததாக லான்செட் இதழில் 2018-ல் வந்த மதிப்பீடு சொல்கிறது. எனவே உங்கள் தெருவிலேயே இப்படி ஒரு வீடு இருக்க வாய்ப்பு அதிகம்.

எத்தனை நாள் வரை தொத்தும்?

சளி தொற்றிய ஒன்று முதல் மூன்று நாட்களில் அறிகுறி தெரியும். மூக்கு ஒழுகத் தொடங்கிய முதல் இரண்டு, மூன்று நாட்கள்தான் மற்றவர்களுக்கு அதிகமாகப் பரவும் நேரம். அதன் பிறகு குறையும், ஆனால் ஒரேயடியாக நிற்காது. ஃபுளூ காய்ச்சல் என்றால், அறிகுறி தெரிவதற்கு முந்தைய நாளிலிருந்தே பரவத் தொடங்கி, பிறகு ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை பரவும். குழந்தைகள் இதைவிட அதிக நாட்கள் பரப்புவார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு தடவைகூடச் சளி பிடிக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

ஆகவே வீட்டுக்கு ஒரு எளிய விதி வைத்துக்கொள்ளலாம்: சளி பிடித்தவர் அறிகுறி முழுக்க அடங்கிய பிறகு வரட்டும். குறைந்தது ஒரு வாரம் தள்ளிப்போடட்டும். காய்ச்சல் இருந்தால் கண்டிப்பாக வர வேண்டாம்.

பரவும் வழிகள் இரண்டு. ஒன்று, இருமல், தும்மல், பேச்சின்போது வெளியேறும் துளிகளும் மூடிய அறைக்குள் மிதக்கும் நுண்துகள்களும். இன்னொன்று, கை. மூக்கைத் துடைத்த கையால் டம்ளரைக் கொடுக்கிறோம், அதை வாங்கியவர் கண்ணைக் கசக்குகிறார், வேலை முடிந்தது.

மதுரையில் எந்த மாதம் உஷார்?

ஃபுளூ என்றாலே டிசம்பர், ஜனவரி குளிர் என்று நினைக்கிறோம். 2009 முதல் 2013 வரை இந்தியாவின் பல நகரங்களில் நடந்த கண்காணிப்பில், பெரும்பாலான ஊர்களில் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஃபுளூ உச்சத்தைத் தொட்டது. தமிழ்நாட்டின் சென்னை, வேலூர் மையங்களில் அது அக்டோபர், நவம்பரில், அதாவது வடகிழக்குப் பருவமழையோடு வந்தது. மதுரைக்கும் பெரிய மழை அப்போதுதான். தீபாவளிக்கு ஊரே வீடு திரும்புவதும், பட்டாசுப் புகை தெருவில் நிற்பதும் அதே நேரத்தில்தான்.

எனவே வருடாந்திர ஃபுளூ தடுப்பூசியைப் பற்றி செப்டம்பர் வாக்கில் மருத்துவரிடம் பேசிவிடுவது நல்லது. நிமோகாக்கல் தடுப்பூசி தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். இரண்டும் சாதாரண சளியைத் தடுக்காது. ரைனோவைரஸில் மட்டும் 160-க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதால் அதற்குத் தடுப்பூசி கிடையாது. ஆனால் ஃபுளூவும் நிமோனியாவும் தரும் பெரிய அடியை இந்த ஊசிகள் குறைக்கும். நோயாளிக்கு மட்டும் போட்டால் போதாது. கூடவே இருந்து பார்த்துக்கொள்பவர்களும் ஃபுளூ ஊசி போட்டுக்கொள்வது அவருக்குக் கூடுதல் வேலி.

'வராதீங்க'ன்னு எப்படிங்க சொல்றது?

நிஜமான சிக்கல் இதுதான். வைரஸைப் பற்றிய விளக்கம் யாருக்கும் புரிந்துவிடும். "வாசல் வரைக்கும் வந்தவங்களத் திருப்பி அனுப்பிட்டாங்க" என்ற பேச்சைத்தான் யாராலும் தாங்க முடியாது. அதனால் வாசலுக்கு வருவதற்கு முன்பே பேச்சை முடித்துவிட வேண்டும்.

முதல் வழி, குடும்ப வாட்ஸ்அப் குரூப். மழைக்காலம் தொடங்கும்போதே பொதுவாக ஒரு தகவல் போட்டுவிடுங்கள். யாரையும் குறிப்பிடாததால் யாருக்கும் கோபம் வராது. இப்படி எழுதலாம்:

"எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு நெஞ்சுல இருக்கிற பிரச்சனைக்கு லேசா சளி தொத்தினாலும் மூச்சுத்திணறல் வந்துரும்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிருக்காரு. சளி, காய்ச்சல், தொண்டைவலி இருந்தா சரியானதும் வாங்க. அதுவரைக்கும் வீடியோ கால் போடுங்க, அப்பா உங்களப் பாக்க ஆசையா இருக்காரு."

கவனியுங்கள், மறுப்பு டாக்டர் பெயரில் வருகிறது; அழைப்பு அப்பா பெயரில் வருகிறது. நம்ம ஊரில் இந்த வரிசை வேலை செய்யும்.

இரண்டாவது வழி, போன். கிளம்பும் முன் கூப்பிட்டால், "மாமா, தொண்டை கட்டின மாதிரி பேசுறீங்களே, சளியா? அப்ப நல்லாயிட்டு வாங்க மாமா. அடுத்த ஞாயித்துக்கிழமை நானே வண்டி எடுத்துட்டு வந்து உங்களக் கூட்டிட்டு வாறேன்" என்று சொல்லலாம். வேண்டாம் என்பதோடு நிறுத்தாமல் இன்னொரு நாளையும் சேர்த்துச் சொல்வதுதான் முக்கியம்.

மூன்றாவது, ஏற்கெனவே வாசலில் நிற்பவர். "வாங்கத்தை வாங்க, உள்ள புழுக்கமா இருக்கு, இங்குட்டு திண்ணையில காத்தாட உக்காருவோம். அப்பாவ ஜன்னல் பக்கம் வரச் சொல்றேன்." காபி வரட்டும், பேச்சு நடக்கட்டும். மரியாதைக்கு ஒரு குறையும் இல்லை.

இதை நோயாளியே சொல்லும்படி விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் பலர் மூச்சு முட்டினாலும் "பரவால்ல, வரட்டும்" என்றுதான் சொல்வார்கள். வீட்டில் ஒருவர் அந்தப் பொல்லாப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வந்தே ஆக வேண்டும் என்றால்?

சமையல்காரம்மா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, பிசியோதெரபிஸ்ட், மருந்து கொண்டுவரும் மச்சான் என்று சிலரைத் தவிர்க்க முடியாது. அப்போது செய்ய வேண்டியவை:

1. மாஸ்க் முதலில் சளி இருப்பவருக்கு. வைரஸ் புறப்படும் இடத்திலேயே தடுப்பதுதான் அதிகப் பலன். நோயாளியும் போட்டால் இன்னும் நல்லது. ஆனால் இறுக்கமான என்95 சிலருக்கு மூச்சுத்திணறலைக் கூட்டும். அவருக்கு எது தாங்கும் என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

2. ஏசியை அணைத்து, எதிரெதிர் ஜன்னல்களையும் கதவையும் திறந்துவிடுங்கள். வீட்டில் ஓடும் ஸ்பிளிட் ஏசி பெரும்பாலும் அறைக்குள் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிறது. டேபிள் ஃபேன் இருந்தால், நோயாளி பக்கமிருந்து விருந்தாளி பக்கமாகக் காற்று போகும்படி வையுங்கள்.

3. உள்ளே வந்ததும் சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவட்டும். வெளியே போய் வந்தால் கால் கழுவும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அதோடு கையையும் சேர்த்துக்கொள்ளலாம்.

4. நேரம் பத்து நிமிஷம், தூரம் ஆறடி. கன்னத்தைப் பிடித்துக் கொஞ்சுவதும் பக்கத்தில் உட்கார்ந்து தலையைத் தடவுவதும் அடுத்த தடவைக்கு.

5. விருந்தாளி வருகிறார் என்று ஊதுபத்தி, சாம்பிராணி, ரூம் ஸ்ப்ரே வேண்டாம். கொசுவர்த்திச் சுருளும் கூடாது. புகையும் கடும் வாசனையும் மூச்சுக்குழாயைத் தனியாகச் சுருக்கும்.

அந்த விருந்தாளி நீங்களே என்றால்?

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்கள் என்றால், உங்கள் வீட்டுக்குச் சளி கொண்டுவரும் விருந்தாளி நீங்களாகவே இருக்கலாம். வெள்ளிக்கிழமை வரை ஏசி அலுவலகம், ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸின் ஏசி பெட்டி அல்லது ஆம்னி பஸ், விடிந்ததும் அம்மாவின் கட்டிலோரம்.

கிளம்புவதற்கு முந்தைய இரண்டு நாட்களில் தொண்டை கரகரத்தால் டிக்கெட்டைத் தள்ளிப்போடுங்கள். கேன்சல் கட்டணம் ஒரு நாள் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது. பயணத்தில் மாஸ்க் போடுங்கள். வந்த பிறகு மூக்கு ஒழுக ஆரம்பித்தால், வேறு அறையிலோ ஹாலிலோ படுத்துக்கொள்ளுங்கள். துண்டு, தலையணை, டம்ளர் தனி. சாப்பாடு தனி நேரத்தில். ஒரே அறைதான் இருக்கிறது என்றால் ஜன்னலைத் திறந்து வைத்து, முடிந்த அளவு தள்ளிப் படுத்து, உங்கள் முகத்தில் மாஸ்க் இருக்கட்டும்.

கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு போன்றவற்றுக்கும் இதே கணக்குதான். ஏசி மண்டபத்தில் முகூர்த்த நேர நெரிசலைவிட, கூட்டம் கலைந்த பிறகு போய் ஆசீர்வதித்துவிட்டு வருவது மேல். துக்க வீட்டில் வெளியே பந்தலில் உட்காரலாம். மொய்யை ஜிபேயில் அனுப்பினாலும் நோட்டில் பெயர் ஏறத்தான் செய்யும்.

இவ்வளவு செய்தும் சளி பிடித்துவிட்டால்?

மூன்று மாற்றங்களைக் கவனியுங்கள்: மூச்சுத்திணறல் வழக்கத்தைவிடக் கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளியின் நிறம் மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது. இவை தெரிந்தால், "ரெண்டு நாள் பாப்போம்" என்று காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். காய்ச்சலும் உடம்பு வலியும் சேர்ந்து வந்தால் ஃபுளூவாக இருக்கலாம். அதற்கான மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதிகம் உதவும்.

இன்ஹேலரை நிறுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடக் கூடாது. வைரஸ் சளிக்கு அது வேலை செய்யாது. பாக்டீரியா சேர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். நோயாளி நன்றாக இருக்கும்போதே அவருடைய வழக்கமான ஆக்சிஜன் அளவைக் குறித்து வைத்திருந்தால், இப்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சொல்ல முடியும். பேச்சு ஒரு வாக்கியம்கூட முடியாமல் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழப்பமாகப் பேசினாலோ, எழுப்ப முடியாதபடி தூங்கினாலோ உடனே 108.

மதுரையில் அரசு ராஜாஜி மருத்துவமனையில் நெஞ்சக நோய்ப் பிரிவு இருக்கிறது. தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனையே தனியாக இருக்கிறது. சளிக்காலம் வருமுன் ஒரு தடவை போய், "மூச்சு முட்டினா முதல்ல எந்த மருந்து, எவ்வளவு, எப்ப ஆஸ்பத்திரி" என்பதை எழுதி வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவிடுங்கள்.

பயந்து கதவை மொத்தமாகச் சாத்திவிடவும் வேண்டாம். நாள்பட்ட நுரையீரல் நோயாளிகளிடம் மனச்சோர்வு சகஜம். நான்கு சுவரையே பார்த்துக்கொண்டு இருப்பவருக்குச் சாப்பாடும் இறங்காது, மூச்சுப் பயிற்சியிலும் மனசு போகாது. சளி இல்லாத நாளில் வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு, ஊர்க்கதை பேச நாலு பேரை நீங்களே கூப்பிடுங்கள். அவருக்கு அதுவும் மருந்துதான்.