கொடுக்கும் ஊசியும்

போன தை மாதம், ஏற்காட்டில் நாகலூர்ப் பக்கம் எங்கள் களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. பனி இறங்குமுன் குவித்து மூடிவிடலாமென்று சாக்கை உருவினேன். சுட்டுவிரலில் சுரீர். உதறியதும் விழுந்தது செந்தேள். என் சுண்டுவிரல் நீளம்தான். 1798இல் இதற்கு அறிவியல் பெயர் வைத்த ஃபாப்ரிசியஸ் என்ற டேனிஷ்காரர் ‘டாமுலஸ்’ என்று வைத்தார். தமிழ்த் தேள்! பெருமைப்பட அன்று நேரமில்லை.

பழம் பறிக்க வந்த அக்கா கடிவாயில் தேய்க்க வெங்காயம் தேடவில்லை. கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். “வேர்க்குதுங்கண்ணா, வண்டியை எடுக்கச் சொல்றேன்” என்றார்.

ஆஸ்பத்திரியில் விரலடியில் இருபக்கமும் லிக்னோகெய்ன் ஊசி. தோள்வரை ஏறியிருந்த வலி சில நிமிடத்தில் அடங்கியது. “தேள் போட்டதும் நான் போட்டதும் ஒரே இடத்துக்குத்தான் போகுது” என்றார் டாக்டர்.

அந்த இடம், நரம்பிழையின் சவ்விலுள்ள சோடியம் வாசல். சாப்பாட்டு உப்பிலிருக்கும் அதே சோடியம்தான். நரம்புக்கு வெளியே அதிகம், உள்ளே குறைவு. சவ்வின் இருபுறமும் மின்னழுத்த வித்தியாசம் சற்றுக் குறைந்தால் வாசல் திறக்கும், சோடியம் உள்ளே பாயும். அந்தப் பாய்ச்சல் அடுத்த வாசலைத் திறக்கும். இப்படியே விரலிலிருந்து முதுகுத்தண்டுக்குச் சேதி ஓடுகிறது. ஒரு வாசல் திறந்திருப்பது ஏறக்குறைய ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. உடனே தானாக அடைத்துக்கொள்ளும். கணவாயின் தடித்த நரம்பில் இந்த ஓட்டத்தை அளந்து ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952இல் எழுதினார்கள். 1963இல் நோபல் வந்தது.

செந்தேள் விஷம் அந்த அடைப்பை விழவிடாது. சேதி ஒருமுறை போய் நிற்காமல் திரும்பத் திரும்பத் தெறிக்கும். விரல் நரம்போடு நின்றால் பரவாயில்லை. வியர்வை, இதயம், நுரையீரல் என்று பரவினால் உயிருக்கே ஆபத்து. மகாராஷ்டிரத்தின் மகாட் ஊரில் டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், ரத்த அழுத்த மாத்திரையான பிராசோசினைக் கொடுத்துப் பலரைக் காப்பாற்றியது இப்படிப்பட்ட கட்டத்தில்தான். லிக்னோகெய்ன் செய்வது நேரெதிர்: உள்ளே புகுந்து வாசலை அடைத்து நிற்கும்.

இரவு கவனிப்பில் வைத்திருந்தார்கள். யாரோ காப்பி வாங்கி வந்தார்கள். டம்ளரின் விளிம்பைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் பிடித்துக்கொண்டேன். மரத்த சுட்டுவிரல் எங்கே இருந்ததென்று நான் பார்க்கவில்லை.

மனிதருக்கு இந்தச் சோடியம் வாசல்களில் ஒன்பது வகை. வலி நரம்புகளில் முக்கியமானவை 1.7, 1.8 என்று எண்ணிட்டவை. வட பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் கையில் கத்தியைக் குத்திக் காட்டுவான், தணலில் நடப்பான். 14 வயது நிறையுமுன் கூரையிலிருந்து குதித்து இறந்துபோனான். அவனைப் போன்றவர்கள் இருந்த குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2006இல் சொன்னது: 1.7 வாசலே வேலை செய்யவில்லை. பிறவியிலேயே வலி தெரியாதவர்கள். கேட்க வரம்போலிருக்கும், எனக்கு அப்படித் தோன்றவில்லை.

லிக்னோகெய்னுக்கு ஒன்பதும் ஒன்றுதான், இதயத்திலுள்ள 1.5 உட்பட. அதனால் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1.8ஐ மட்டும் அடைக்கும் சுசெட்ரிஜின் மாத்திரைக்கு அமெரிக்கா 2025 ஜனவரியில் அனுமதி தந்தது, திடீர் வலிக்கு மட்டும்.

ஊசியின் வேகம் இறங்கியதும் விரல் மறுபடி தெறித்தது. விஷம் அங்கேயேதான் இருந்திருக்கிறது. இன்னொரு ஊசியோடு வந்த நர்ஸ் விரலைத் திருப்பிப் பார்த்து, “இது எப்போங்க?” என்றார். நுனியில் மொச்சைக்கொட்டை அளவு கொப்புளம். தேள் கடுப்பு மறுநாளே போய்விட்டது. காப்பி சுட்டது ஒரு வாரம் எரிந்தது.