ஏற்காட்டுக்கு ஒரு பஸ்: வணிகர் குடும்பங்களுக்கு ஒரு நாள் சிக்கனச் சுற்றுலா

காலை ஆறு மணிக்குக் கடையைத் திறந்தால் இரவு பத்து மணிக்குத்தான் பூட்டு. தீபாவளி, பொங்கல் என்று ஊரே விடுமுறையில் இருக்கும்போது நமக்கு வியாபாரம் இரட்டிப்பு. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் "இந்த வருஷமாவது எங்கேயாவது போவோமா அப்பா?" என்று கேட்பார்கள். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று சொல்லியே பல கடைக்காரர்களின் பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமும் ஆகிவிடுகிறது.

கடையைப் பூட்டினால் ஒரு நாள் வியாபாரம் போகும், கையிலிருந்தும் செலவாகும் என்பதுதான் நம் தயக்கம். ஒரு குடும்பம் தனியாகக் கார் பிடித்துப் போனால் அந்தக் கணக்கு சரிதான். சங்கமாகச் சேர்ந்து ஒரு பஸ் எடுத்தால் கணக்கு மாறிவிடும். சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அதே சமயம், விலை குறைவு என்று எதை வேண்டுமானாலும் கொள்முதல் செய்யக் கூடாது என்பதும் நமக்குத் தெரியும். சுற்றுலாவிலும் அப்படித்தான். செலவைக் குறைக்க வேண்டிய இடங்கள் பல உண்டு. குறைக்கவே கூடாத இடங்கள் மூன்று உண்டு. அவற்றைப் பிரித்துக் காட்டவே இந்தக் கட்டுரை.

ஏன் ஏற்காடு?

பிள்ளைகளைக் கேட்டால் பொழுதுபோக்குப் பூங்கா என்பார்கள். பெங்களூருக்கு அருகே பிடதியில் 2005இல் தொடங்கிய வொண்டர்லா போன்ற இடங்களில் பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணமே ஆயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு வாசலிலேயே பர்ஸ் காலியாகிவிடும். ராட்டினத்தில் ஏற முடியாத பாட்டிக்கும் டிக்கெட் எடுக்க வேண்டும்.

சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காட்டில் செலவின் பெரும்பகுதி பஸ் வாடகையோடு முடிந்துவிடுகிறது. குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் கட்டணம் கிடையாது. பூங்காக்களுக்குச் சிறிய நுழைவுக் கட்டணம், ஏரியில் படகு ஏறினால் அதற்குத் தனிக் கட்டணம், அவ்வளவுதான். கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 5,000 அடி உயரம். சேலத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஈரோடு, நாமக்கல், தர்மபுரி, கரூர் வணிகர்கள் விடியற்காலையில் கிளம்பினால் அன்று இரவே வீடு திரும்பலாம். தங்கும் விடுதிச் செலவு மிச்சம்.

2024 மே மாதம் முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் முறை வந்த பிறகு, திடீரென்று கிளம்புகிறவர்களின் கண் ஏற்காட்டின் பக்கம் திரும்புவது இயல்பே. ஆகவே நாளைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

எந்த நாளில் போவது?

மாதத்தின் முதல் பத்து நாள் சம்பள மளிகை போகும் காலம். அப்போது கடையைப் பூட்டச் சொன்னால் எந்த மளிகைக்காரரும் சம்மதிக்க மாட்டார். மூன்றாவது வாரமே சரி. அதிலும் சனி, ஞாயிறைத் தவிர்த்து உங்கள் ஊரில் கடைகளுக்கு வார விடுமுறை எந்த நாளோ, அந்த நாளில் போங்கள். பஸ் வாடகையில் பேரம் பேச முடியும். மலையில் நெரிசலும் குறைவாக இருக்கும்.

மே மாதத்தில் அரசு நடத்தும் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அழகுதான். ஆனால் கூட்டம் தாங்காது. வாகனங்கள் ஏற ஒரு பாதை, இறங்கக் குப்பனூர் வழியாக இன்னொரு பாதை என்று மாற்றிவிடுவதும் உண்டு. மளிகை வியாபாரிகளுக்கு நாங்கள் சொல்லும் காலம் தை, மாசி மாதங்கள். பொங்கல் வியாபாரம் முடிந்து கடை சற்று ஓய்ந்திருக்கும். மலையில் காப்பிப் பழம் பறித்து முடியும் சமயம், மிளகு பறிக்கத் தொடங்கும் சமயம். ஐப்பசி, கார்த்திகையில் பெருமழை நாட்களைத் தவிர்ப்பது நல்லது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த கனமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

பஸ் கணக்கு

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 இருக்கை உள்ள பஸ்ஸின் வாடகை எல்லாம் சேர்த்து 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 40 பேரும் வந்தால் தலைக்கு 600 ரூபாய். பெயர் கொடுத்தவர்களில் 10 பேர் கடைசி நேரத்தில் நின்றுவிட்டால் மற்றவர்களுக்குத் தலைக்கு 800 ரூபாய். வராதவருக்காக வந்தவர் 200 ரூபாய் தண்டம் கட்ட வேண்டும். ஆகவே பெயர் எழுதும்போதே முழுப் பணத்தையும் வாங்கிவிட வேண்டும். கடன் சொல்கிறவருக்கு இருக்கை எண் கொடுக்கக் கூடாது. வர முடியாதவர் தமக்குப் பதில் இன்னொருவரை அனுப்பலாம் என்று விதி வைத்துக்கொண்டால் மனத்தாங்கல் இருக்காது.

வாடகை பேசும்போது டீசல், சுங்கச்சாவடிக் கட்டணம், பர்மிட், பார்க்கிங், டிரைவர் பேட்டா ஆகியவை சேர்ந்ததா, தனியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "எல்லாம் பார்த்துச் செய்யலாம்" என்ற வாய்வார்த்தை கடைசியில் நம் கையைக் கடிக்கும்.

காலைக்கு இட்லி, மதியத்துக்குப் புளிசாதமும் தயிர்சாதமும் ஒரே இடத்தில் சமைத்து எடுத்துப் போனால் செலவு குறையும். சரக்கு நம் கடைகளிலேயே இருக்கிறது. குடிநீரைக் கேன்களில் ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் கொண்டு வரச் சொல்லுங்கள். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இலையும் பாக்கு மட்டைத் தட்டுமே போதும். குப்பையைச் சாக்கில் கட்டி, பஸ்ஸிலேயே கீழே கொண்டுவந்துவிட வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் குறைக்கக்கூடிய செலவுகள். இனிக் குறைக்கக் கூடாத மூன்றுக்கு வருவோம்.

முதலாவது: டிரைவரின் தூக்கம்

சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பஸ் ஒன்று வளைவில் கவிழ்ந்து பல உயிர்கள் போயின. மலைப்பாதையில் சிக்கனம் பார்க்கக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

குறைந்த வாடகைக்கு வரும் பஸ்ஸின் டிரைவர் முந்தின இரவு எங்கே இருந்தார் என்று கேளுங்கள். இரவு முழுவதும் ஒரு சவாரி ஓட்டிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு அப்படியே நம் பஸ்ஸில் ஏறுகிறவராக இருக்கக் கூடாது. டிரைவர்களின் வேலை நேரத்தை நாளுக்கு 8 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரையறுத்தது. ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வும் அதில் சொல்லப்பட்டது. விடியற்காலையில் கிளம்பி இரவு திரும்பும் பயணத்துக்கு இரண்டு டிரைவர்கள் இருப்பது நல்லது. அதற்கு ஆகும் கூடுதல் பணத்தை 40 பேருக்குப் பிரித்தால் ஒரு காப்பிக் காசுதான் வரும்.

இன்னொன்று பிரேக் விஷயம். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும் என்பது மலை ஓட்டிகளின் பழைய பாடம். மலை ஓட்டிப் பழகியவரா என்று கேட்டு, அதன் பிறகே முன்பணம் கொடுங்கள். இருக்கைக்கு மேல் ஒருவரைக்கூட ஏற்ற வேண்டாம். "பையன்தானே, மடியில் உட்காரட்டும்" என்று ஆரம்பித்தால் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். இறக்கத்தை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.

மேலே பார்க்க வேண்டியவை

ஒன்பது மணிக்கு மேலே சேர்ந்துவிட்டால் ஐந்து மணி நேரம் கிடைக்கும். ஏரியும் அதன் கரையில் அண்ணா பூங்காவும் குழந்தைகளுக்கு. லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் நகரம் விரிந்து கிடக்கும். பக்கோடா பாயிண்டில் மலை அடுக்குகள் தெரியும். சேர்வராயன் கோயில் குகைக்குள் இருக்கிறது. குனிந்து போய்க் கும்பிட வேண்டும். இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தோட்டத்தில் ஆர்க்கிட் மலர்ச் செடிகளையும், பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியையும் பார்க்கலாம். கிளியூர் அருவிக்குப் படிகளில் இறங்கி ஏற வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே இருந்துகொள்வது நல்லது. எல்லா இடத்தையும் ஒரே நாளில் பார்த்துத் தீர்க்க நினைத்தால் ஓட்டமாகவே முடியும். நான்கு இடம் போதும்.

மளிகைக்காரர் தவறவிடக் கூடாதது காப்பித் தோட்டம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியைப் பயிராக்கினார் என்பது வரலாறு. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்திருப்பதைப் பார்க்கலாம். பச்சைச் சரம் பறித்து, உதிர்த்து, வெயிலில் உலர்ந்து கறுத்துச் சுருங்கினால்தான் நம் கடை மூட்டைக்கு வரும் மிளகு. அதைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தவருக்கு, பப்பாளி விதை கலந்த சரக்கை அடையாளம் காண்பது கடினமில்லை. தோட்டத்தைப் பார்க்க உரிமையாளரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: மலைக்கடைக்காரரின் வியாபாரம்

மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த சோளக்கதிர், கொய்யா, மிளகு, காப்பித்தூள் என்று சாலையோரத்தில் சிறிய கடைகள் இருக்கின்றன. அவர்களும் நம்மைப் போன்ற வணிகர்களே. மழையில் பாதை அடைபட்டால் அவர்களுக்கு அன்றைய அடுப்பு எரியாது.

நம் ஊர் வாடிக்கையாளர் பெரிய அங்காடிக்கும் கைப்பேசி ஆர்டருக்கும் போய்விட்டார் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறோம். அப்படிப் பேசும் நாம் மலைக்குப் போகும்போது தீனி முதல் தண்ணீர் வரை எல்லாவற்றையும் மூட்டை கட்டிக்கொண்டு போய், அங்கே ஒரு ரூபாய்கூடச் செலவழிக்காமல் வந்தால் அது எந்த நியாயம்? சாப்பாட்டை நாம் கொண்டு போவோம். டீ, பலகாரம், பழம், மிளகு இவற்றை அங்கேயே வாங்குவோம். ஆளுக்கு 100 ரூபாய் என்றாலும் ஒரு பஸ்ஸுக்கு 4,000 ரூபாய் மலையில் தங்கும். அடாவடியாகப் பேரம் பேச வேண்டாம். மேலே ஏற்றும் கூலி என்னவென்று நமக்குத் தெரியாதா?

காப்பித்தூள் பாக்கெட்டில் வாங்கினால் சிக்கரி எவ்வளவு என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். காப்பி, சிக்கரி கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. நம் கடையில் விற்கும் பாக்கெட்டுக்கும் இது பொருந்தும்.

இறங்கியதும் சேலம்

இரண்டரை மணிக்கு மலையை விட்டால் நான்கு மணிக்குள் அடிவாரம். குழந்தைகள் விரும்பினால் அங்கேயே குறும்பப்பட்டி உயிரியல் பூங்கா இருக்கிறது. அதன் விடுமுறை நாளை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். பிறகு சேலம் நகரம். கோட்டை மாரியம்மனைத் தரிசித்துவிட்டு, பெண்கள் வெள்ளிக் கொலுசு பார்க்கட்டும். பிள்ளைகளுக்குத் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். வியாபாரிகள் செவ்வாய்ப்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் நடக்கட்டும்.

ஜவ்வரிசிக்குச் சேலத்தை விட்டால் வேறு ஊர் இல்லை எனலாம். மரவள்ளிக் கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, மாவைப் படியவைத்து, குருணையாக உருட்டி, வறுத்து, காயவைத்து வருவதே ஜவ்வரிசி. உற்பத்தியாளர்களின் கூட்டுறவு அமைப்பான சேகோசர்வ் 1981இல் தொடங்கப்பட்டது. சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பளீரென்ற வெண்மைதான் தரம் என்று நினைக்கும் வாடிக்கையாளருக்கு விளக்கிச் சொல்ல, மண்டிக்காரரிடம் அரை மணி பேசினால் போதும். வெல்லமும் அப்படியே. போகும் முன் தெரிந்த மண்டிக்காரருக்கு ஒரு போன் செய்துவிடுங்கள்.

மூன்றாவது: கடைச் சிப்பந்திக்கு ஓர் இருக்கை

முதலாளி குடும்பத்தோடு மலைக்குப் போக, மூட்டை தூக்கும் பையனும் பொட்டலம் மடிக்கும் பெண்ணும் கடையில் இருப்பார்கள். சில இடங்களில் கடை பூட்டிய நாளுக்குச் சம்பளமும் பிடிப்பார்கள். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் ஆண்டே வந்தது. வாரம் ஒரு நாள் விடுமுறையும், ஓராண்டு வேலை பார்த்தவருக்கு 12 நாள் சம்பளத்தோடு விடுப்பும் அந்தச் சட்டத்தில் உண்டு. நாள் முழுவதும் நிற்கும் ஊழியருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்ற திருத்தமும் 2021இல் வந்தது. கடையில் இருக்கை போட்ட நாம் பஸ்ஸிலும் ஓர் இருக்கை போடுவோமே.

இதில் லாபக் கணக்கும் இருக்கிறது. வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, வந்த ஆள் நிலைப்பதில்லை என்பதே இன்று எல்லாக் கடையிலும் பேச்சு. 600 ரூபாய் பஸ் கட்டணத்தில் நம் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டு வந்த பையன், அடுத்த கடைக்காரர் 500 ரூபாய் கூடத் தருகிறேன் என்றால் ஒரு நிமிஷமாவது யோசிப்பான். சங்கம் அறிவிப்புப் போடும்போதே "ஒவ்வொரு கடையும் குறைந்தது ஒரு சிப்பந்திக்கு இருக்கை எடுக்க வேண்டும்" என்று சேர்த்துவிட்டால், யாரும் யாரையும் பார்த்துத் தயங்க வேண்டியதில்லை.

சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள்

மே 5 வணிகர் தினத்தன்று மாநாட்டுக்காகக் கடையடைத்து ஒன்று கூடுகிறோம். உரிமைக்காகக் கூடும் அந்தப் பழக்கத்தை மகிழ்ச்சிக்காகவும் வருஷத்தில் ஒரு நாள் கடைப்பிடிக்கலாம். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாக வையுங்கள். நாளைக் குறியுங்கள், பஸ்ஸைப் பேசுங்கள், முழுப் பணத்தையும் முதலிலேயே வசூலியுங்கள். திரும்பி வந்ததும் வரவு செலவை எழுதிச் சங்கப் பலகையில் ஒட்டிவிடுங்கள். கணக்கு சுத்தமாக இருந்தால், அடுத்த வருஷம் ஒரு பஸ் போதாமல் இரண்டாவது பஸ் தேவைப்படும்.