இல்லத்திற்கு ஒரு கருவிப் பெட்டி

கைத்தொழிலை இழிவாகக் கருதாத மார்க்கம் நம்முடையது. நபி நூஹ் (அலை) அவர்கள் பலகைகளை இணைத்து மரக்கலம் செய்தார்கள். நபி ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. நபி தாவூத் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் இரும்பை மென்மையாக்கிக் கொடுத்தான். கவசம் செய்யும்போது அதன் வளையங்களை அளவறிந்து இணைக்கும்படியும் பணித்தான். 'ஸபா' அத்தியாயம் இதனைக் கூறுகிறது. தொழிலைக் கற்றுக் கொடுத்த இறைவன் அத்துடன் அளவையும் சேர்த்தே கற்றுக் கொடுத்தான் என்பது இங்கே நாம் கவனிக்க வேண்டிய நுட்பமாகும்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது குடும்பத்தாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்றும், தமது காலணியைத் தாமே செப்பனிட்டுக் கொள்வார்கள், ஆடையின் கிழிசலைத் தாமே தைத்துக் கொள்வார்கள் என்றும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். வீட்டில் பழுதுபட்ட சிறு பொருளைச் சீர்செய்ய நேரம் ஒதுக்குவது ஆண்மைக்கும் அந்தஸ்துக்கும் குறைவன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தேவை எங்கே இருக்கிறது?

இன்றைய இல்லங்களைப் பாருங்கள். சமையலறை அலமாரியின் கீல் கழன்று கதவு தொங்குகிறது. திரைச்சீலைக் கம்பி ஒரு பக்கம் இறங்கிவிட்டது. குர்ஆன் பிரதிகளை வைக்க ஒரு சுவர்ப் பலகை வேண்டும் என்று ரமளானுக்கு ரமளான் பேசிக் கொண்டிருக்கிறோம். இவற்றுக்காகத் தச்சரை அழைத்தால், இரண்டு திருகாணிகளை முடுக்குவதற்காக அவரால் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வர இயலாது. அது அவருடைய பிழையும் அன்று.

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் போன்ற ஊர்களில் குடும்பத் தலைவர்கள் பலர் கடல் கடந்து பொருளீட்டுகின்றனர். இல்லத்தில் இருப்போர் தாயும் மனைவியும் குழந்தைகளுமே. ஒரு தாழ்ப்பாளைச் சீர்செய்ய அந்நிய ஆடவரை வீட்டினுள் அழைக்க வேண்டியிருக்கிறதே என்று தயங்கியே அந்தச் சகோதரிகள் பல மாதங்களைக் கடத்திவிடுகின்றனர். தாழ்ப்பாள் இல்லாத கதவு பாதுகாப்புக்கும் குறை, பர்தாவுக்கும் குறை. இத்தகைய இல்லங்களுக்கு, மின்கம்பியை இழுத்துச் செல்லத் தேவையில்லாத, பேட்டரியால் இயங்கும் கார்ட்லெஸ் டிரில்லிங் மிஷின் பேருதவியாகும். சிறிய வகையின் எடை ஏறக்குறைய ஒரு கிலோதான். பெண்கள் எளிதில் கையாளலாம்.

வந்த வழி

இக்கருவி புதியதன்று. அமெரிக்காவின் பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961-ஆம் ஆண்டிலேயே பேட்டரியால் இயங்கும் டிரில்லை வெளியிட்டது. ஜப்பானின் மகீட்டா நிறுவனம் 1969-இல் தனது முதல் ரீசார்ஜ் டிரில்லைக் கொண்டு வந்தது. அக்காலத்து நிக்கல் காட்மியம் பேட்டரிகள் கனமானவை, ஆற்றலும் குறைவு. லித்தியம் அயான் பேட்டரி 1991-இல் விற்பனைக்கு வந்த பிறகு, 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அது இக்கருவிகளிலும் இடம் பிடித்தது. எடை குறைந்தது, வலிமை கூடியது. இன்று நம் ஊர்க் கடைத்தெருக்களிலும் பல நிறுவனங்களின் கருவிகள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. எதை வாங்குவது என்பதில்தான் குழப்பம்.

முதலில் வேலை, பிறகு கருவி

கடைக்குப் புறப்படுமுன் ஒரு தாளை எடுத்து, கடந்த ஓராண்டில் வீட்டில் என்னென்ன வேலைகள் தேங்கின என்று எழுதிப் பாருங்கள். பெரும்பாலான இல்லங்களில் மூன்று வேலைகளே வரும்: திருகாணி முடுக்குதல், கழற்றுதல், மரத்திலும் மெல்லிய தகட்டிலும் துளையிடுதல், சுவரில் துளையிடுதல்.

முதல் இரண்டுக்கும் 12 வோல்ட் டிரில் தாராளமாகப் போதும். மூன்றாவதில்தான் கவனம் தேவை. செங்கல் சுவரில் துளையிட, சுழற்சியுடன் சேர்த்து முன்னும் பின்னும் தட்டும் 'ஹாமர்' வசதி கொண்ட 18 வோல்ட் டிரில் வேண்டும். கான்கிரீட் தூண், லிண்டல், மேல்தளம் ஆகியவற்றில் அடிக்கடி துளையிட வேண்டியிருந்தால், மின்கம்பியுடன் கூடிய சாதாரண ஹாமர் டிரில்லே சிக்கனமானது. பேட்டரியால் அதே வேலையைச் செய்யும் கனரகக் கருவியின் விலை மிக அதிகம். ஆண்டுக்கு ஒரு முறை வரும் வேலைக்கு அது தேவையா என்று யோசித்துக் கொள்ளுங்கள்.

'இம்பாக்ட் டிரைவர்' என்று ஒரு கருவியும் உண்டு. நீண்ட திருகாணிகளைக் கனத்த மரத்தில் இறக்கும் தச்சர்களுக்கு அது வரப்பிரசாதம். வீட்டுக்கு அது அவசியமில்லை, ஓசையும் அதிகம்.

எண்களின் பொருள்

பெட்டியின் மேல் அச்சிட்டுள்ள எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். பேட்டரிக்குள் சிறு சிறு செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு செல்லின் இயல்பான மின்னழுத்தம் 3.6 வோல்ட். ஐந்து செல்கள் சேர்ந்தால் 18 வோல்ட். முழுதாக சார்ஜ் ஏற்றிய உடனே அதே ஐந்து செல்களும் 20 வோல்ட்டைக் காட்டும். ஆகவே '18 வோல்ட்' என்று ஒரு நிறுவனமும் '20 வோல்ட் மேக்ஸ்' என்று மற்றொரு நிறுவனமும் எழுதுவது ஒரே அளவைத்தான். அவ்வாறே மூன்று செல்கள் கொண்ட 10.8 வோல்ட் பேட்டரியே '12 வோல்ட்' என்ற பெயரில் விற்கப்படுகிறது.

'ஆம்பியர் மணி' என்பது பேட்டரியின் கொள்ளளவு. தண்ணீர்த் தொட்டியின் அளவைப் போன்றது அது. வோல்ட்டையும் ஆம்பியர் மணியையும் பெருக்கினால் வரும் 'வாட் மணி'யே மொத்த ஆற்றல். 18 வோல்ட், 2 ஆம்பியர் மணி என்றால் 36 வாட் மணி. வீட்டு உபயோகத்துக்கு 2 ஆம்பியர் மணி போதுமானது. கொள்ளளவு கூடக் கூட எடையும் கூடும்.

'பிரஷ்லெஸ்' என்று எழுதியிருந்தால், அதன் மோட்டாரில் தேய்ந்து போகும் கார்பன் பிரஷ் இல்லை என்று பொருள். மின்சாரம் வீணாவது குறையும், ஆயுளும் கூடும். விலையும் கூடும் என்பதால், மாதம் ஒரு முறை மட்டும் எடுத்துப் பயன்படுத்துவோர் சாதாரண மோட்டாருடன் திருப்தி அடையலாம்.

'செட்' என்னும் ஆசை

கடைக்காரர் பெரிய பெட்டி ஒன்றைத் திறந்து காட்டுவார். டிரில், அறுக்கும் மிஷின், தேய்க்கும் மிஷின், விளக்கு, நூற்றுக்கும் மேற்பட்ட சிறு பிட்டுகள்! பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கும். வீண் விரயம் செய்வோரைத் திருமறை எவ்வாறு எச்சரிக்கிறது என்பதை அப்பொழுது நினைவில் கொள்ளுங்கள். பயன்படாமல் அலமாரியில் உறங்கும் பேட்டரி, பயன்படுத்தாமலேயே முதுமை அடைந்துவிடும்.

இதில் மற்றொரு நுட்பமும் உண்டு. ஒரு நிறுவனத்தின் பேட்டரி மற்றொரு நிறுவனத்தின் கருவிக்குப் பொதுவாகப் பொருந்தாது. அதே நிறுவனத்தின் 12 வோல்ட் பேட்டரி அதன் 18 வோல்ட் கருவிக்கும் பொருந்தாது. ஆகவே, நாம் முதலில் வாங்கும் பேட்டரியே பின்னர் வாங்கப் போகும் கருவிகளையும் தீர்மானித்துவிடுகிறது. ஒரு டிரில், இரண்டு பேட்டரிகள், ஒரு சார்ஜர் என்று தொடங்குங்கள். பிற்காலத்தில் அறுக்கும் மிஷின் தேவைப்பட்டால், பேட்டரி இல்லாமல் கருவியை மட்டும் குறைந்த விலையில் வாங்கிக் கொள்ளலாம். எந்த நிறுவனத்தின் பழுதுபார்க்கும் நிலையம் உங்கள் ஊருக்கு அருகில் இருக்கிறது என்பதை விசாரித்த பின்னரே முடிவு செய்யுங்கள். மாற்று பேட்டரியின் விலையையும் அன்றே கேட்டு வைப்பது நன்று.

மீதமாகும் பணத்தில் நல்ல பிட்டுகளை வாங்குங்கள். சுவருக்குக் கார்பைடு முனை கொண்டவை, மரத்துக்கு நடுவே கூர்முனை உள்ளவை, இரும்புக்கு ஹெச்.எஸ்.எஸ். என்று குறிக்கப்பட்டவை. சுவரில் செருகும் 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிளக்குக்கு 6 மில்லிமீட்டர் பிட் போதும்.

வளைகுடாவிலிருந்து கொண்டு வருவோருக்கு

விடுமுறையில் ஊர் வரும் நம் சகோதரர்கள் பலர் இக்கருவிகளை அங்கேயே வாங்கி வருகின்றனர். அவர்கள் மூன்று செய்திகளை அறிந்திருத்தல் நலம்.

ஒன்று: சார்ஜரில் 220-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று எழுதப்பட்டிருந்தால் நம் நாட்டில் தடையின்றி இயங்கும். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் இங்கே உதவாது.

இரண்டு: கழற்றிய லித்தியம் பேட்டரியை விமானத்தில் ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது, கைப்பையில்தான் எடுத்து வர வேண்டும். கருவியோ ஒப்படைக்கும் பெட்டியில்தான் செல்ல வேண்டும். பேட்டரி 100 வாட் மணிக்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும். அதற்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் முன் அனுமதி தேவை. 18 வோல்ட், 5 ஆம்பியர் மணி பேட்டரி 90 வாட் மணி. இது வரம்புக்கு உட்பட்டது. 6 ஆம்பியர் மணி என்றால் 108 ஆகி வரம்பைத் தாண்டிவிடும். உலோக முனைகளை டேப் ஒட்டி மூடுங்கள். நிறுவனத்துக்கு நிறுவனம் விதிகள் கடுமையாகலாம் என்பதால் பயணச் சீட்டு எடுக்கும்போதே கேட்டுக் கொள்ளுங்கள்.

மூன்று: அங்கே தரப்படும் உத்தரவாதம் இங்கே செல்லுமா என்பதை வாங்குமுன் விசாரியுங்கள்.

கையாளும் முறை

பிட் மாற்றும்போதெல்லாம் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். கண்ணாடிக் கவசம் அணியாமல் சுவரில் துளையிடாதீர்கள். சகோதரிகள் துப்பட்டாவின் முனையையும் தொங்கும் கைப்பகுதியையும் இறுகச் செருகிக் கொள்வது அவசியம். சுழலும் பிட் துணியைப் பற்றினால் நொடியில் சுற்றி இழுத்துவிடும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டிலும் சுவருக்குள் மின்கம்பிகள் சென்றிருக்கக் கூடும். அந்த வரிசைகளில் துளையிடுவதைத் தவிர்த்துவிடுங்கள். டைல்ஸ் மீது துளையிட வேண்டுமானால் அதற்கென உள்ள பிட்டைப் பொருத்தி, ஹாமரை நிறுத்தி, மெதுவாகத் தொடங்குங்கள்.

டிரில்லின் கழுத்தில் எண்கள் பொறித்த வளையம் ஒன்று இருக்கும். திருகாணி போதிய அளவு இறங்கியதும் மேலும் முடுக்காமல் நழுவச் செய்வது அதன் பணி. சிறிய எண்ணில் தொடங்கி, தேவைக்கேற்ப உயர்த்துங்கள். மரம் பிளப்பதும் திருகாணியின் தலை தேய்வதும் குறையும்.

பேட்டரிக்கு வெப்பம் பகை. வெயிலில் நிறுத்திய காரிலும் அடுப்புக்கு அருகிலும் வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடாக இருக்கும்போதே சார்ஜ் ஏற்ற வேண்டாம். நெடுநாள் பயன்படுத்தாமல் வைப்பதானால் பாதி அளவு சார்ஜுடன் வையுங்கள். உப்பிய பேட்டரியைத் தூக்கி எறியாமல், மின்கழிவுகளைப் பெறுவோரிடம் ஒப்படையுங்கள்.

துளையிடும் ஓசை அண்டை வீட்டாரையும் சென்றடையும். பாங்கு நேரம், நண்பகல் உறக்கம், பக்கத்து வீட்டில் நோயாளி இருப்பது ஆகியவற்றை எண்ணிப் பார்த்து வேலையைத் தொடங்குவது அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவதாகும்.

அண்டை வீட்டார் கேட்டால்?

வீட்டுக்கு வந்த கருவியைப் பற்றிய செய்தி தெருவெங்கும் பரவிவிடும். "ஒரு மணி நேரம் தாருங்கள், திருப்பித் தந்துவிடுகிறோம்" என்று கேட்டு வருவார்கள். நம்மில் பலருக்கு முகம் சுருங்குவது இங்கேதான்.

திருமறையின் 107-ஆம் அத்தியாயத்தின் பெயர் 'அல்மாஊன்'. தொழுகையில் அலட்சியம் காட்டுவோரையும் பிறருக்குக் காட்டுவதற்காகச் செயல்படுவோரையும் கண்டித்த இறைவன், மாஊனைத் தடுப்போரையும் அந்த வரிசையிலேயே சேர்த்திருக்கிறான். மாஊன் என்பது ஜகாத்தைக் குறிக்கும் என விளக்கியோர் உண்டு. வாளி, பானை, கோடரி போன்று மக்கள் தமக்குள் இரவலாகக் கொடுத்து வாங்கும் பொருள்கள் என்பது இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் விளக்கம். அன்றைய கோடரியின் இடத்தில் இன்று இந்த டிரில்லிங் மிஷின் நிற்கிறது என்று கொள்வதில் தவறில்லை.

அதே நேரத்தில் இரவல் வாங்குவோருக்கும் பொறுப்பு உண்டு. ஹுனைன் போருக்குப் புறப்படும் வேளையில் அண்ணலார் (ஸல்) அவர்கள், அப்போது இஸ்லாத்தை ஏற்றிராத ஸஃப்வான் பின் உமய்யாவிடம் கவசங்களைக் கேட்டார்கள். பறித்துக் கொள்வதாகவா என்று அவர் வினவியபோது, பொறுப்பேற்றுத் திருப்பித் தரும் இரவலாகவே என்று அண்ணலார் பதிலளித்தார்கள். வெற்றி பெற்ற தலைவர் என்ற நிலையிலும், கேட்டுப் பெற்று, பொறுப்பும் ஏற்றார்கள்.

இரவல் பொருள் பழுதானால் என்ன சட்டம்? ஷாஃபிஈ மத்ஹபின்படி, அனுமதிக்கப்பட்ட உபயோகத்தால் ஏற்படும் தேய்மானம் தவிர மற்ற இழப்புகளுக்கு வாங்கியவரே ஈடு செய்ய வேண்டும். ஹனஃபி மத்ஹபின்படி அது அமானிதம். அவரது அலட்சியமோ வரம்பு மீறலோ இருந்தால்தான் ஈடு கட்டாயமாகும். உரியவர் அனுமதியின்றி அதனை மூன்றாமவருக்குக் கொடுப்பது முறையன்று. வாங்கிச் சென்றவர் தூசியைத் துடைத்து, பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி, குறித்த நேரத்தில் தாமே கொண்டு வந்து ஒப்படைத்தால், அடுத்த முறை கேட்கும்போது கொடுப்பவரின் முகமும் மலரும்.

தனியே வாங்க இயலாதவர்கள் உடன்பிறந்தார் மூன்று நான்கு குடும்பமாகச் சேர்ந்து ஒன்று வாங்கலாம். வசதி உள்ளவர் ஒருவர் மஹல்லாவின் பொது உபயோகத்துக்கென ஒரு பெட்டியை வாங்கிப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் ஒப்படைக்கலாம். பள்ளியின் காலணி அலமாரியும் மத்ரஸாவின் பலகைகளும் அதனாலேயே செப்பனிடப்படும். அது பயன்படும் காலமெல்லாம் வாங்கிக் கொடுத்தவருக்கு நன்மை சேரும், இன்ஷா அல்லாஹ்.

எனவே சகோதர சகோதரிகளே! தேவையை அளந்து வாங்குங்கள், கவனத்துடன் பயன்படுத்துங்கள், கேட்போருக்கு மறுக்காதீர்கள். விடுமுறை நாளில் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, குர்ஆன் வைக்கும் அந்தச் சுவர்ப் பலகையை இம்முறை நீங்களே பொருத்துங்கள். நம் கைகளின் உழைப்பிலும் நம் இல்லங்களிலும் வல்ல அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.