சேமித்த மின்னஞ்சலில் முளைக்கும் சமக்குறிகள்

தியாகராய நகர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் இரண்டாம் வகுப்புக் கூட்டல் பயிற்சித்தாளை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மயிலாப்பூரில் எங்கள் பள்ளிக் கணினியில் இருப்பது பாஸ் லினக்ஸ். தரமணி டைடல் பூங்காவிலுள்ள சி-டாக் நிறுவனத்தார் உருவாக்கிய, யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளம் அது. கடிதத்தைக் கோப்பாகச் சேமித்து உரைத்திருத்தியில் திறந்தால், '12+8=20' என்ற கணக்கு '12+8=3டி20' என்று நிற்கிறது. வரிகளின் முடிவில் '=20', சில இடங்களில் வெறும் '='. தமிழ்த் தலைப்பு இருந்த இடத்தில் '=இ0=ஏஇ' என்று தொடங்கும் நீண்ட வரிசை. (ஆங்கில எழுத்துகளை இங்கே ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன்.)

இது வைரஸ் அன்று; கோப்பும் கெடவில்லை. தொடக்ககால மின்னஞ்சல் ஆங்கில எழுத்துகளுக்கு மட்டுமே வழி வைத்திருந்தது. பிற எழுத்துகள் அவ்வழியே செல்ல, 1992இல் வந்த மைம் விதிமுறை ஒரு மாறுவேடம் தந்தது: ஒவ்வொரு பைட்டும் ஒரு சமக்குறி, அதையடுத்து இரண்டு பதினாறடிமான இலக்கங்கள். வரி 76 குறிகளைத் தாண்டக் கூடாது என்பதால், நீண்ட வரியை உடைக்கும் இடத்தில் '=' மட்டும் வரும். வரி முடிவில் உள்ள இடைவெளி '=20' ஆகும். சமக்குறியே மாறுவேடத்தின் அடையாளமாகிவிட்டதால் உண்மையான சமக்குறி '=3டி' என்று எழுதப்படுகிறது.

தமிழ் இதில் மிகவும் நீண்டுவிடும். யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டுகள். 'கல்வி' என்பதில் க, ல, புள்ளி, வ, இகரக் குறி என ஐந்து குறிகள். ஆக 15 பைட்டுகள், மாறுவேடத்தில் 45 எழுத்துகள்! மாணவர் பெயர்ப் பட்டியல் இப்படி வந்தால் பார்ப்பவர் மிரள்வது இயல்பே.

'எல்லாவற்றையும் தேடி மாற்றிவிடலாமே' என்று நண்பர்கள் சொல்வதுண்டு. ஆனால் வரிசை முக்கியம். முதலில் '=3டி'யைச் சமக்குறியாக்கிவிட்டு, பிறகு '=20'ஐ இடைவெளியாக்கினால் '12+8=20' என்ற கணக்கின் விடையே அழிந்து '12+8' மட்டும் மிஞ்சும். ஆகவே '=3டி' கடைசியில்தான். தமிழ் வரிகளைக் கையால் தொடவே வேண்டாம். சேமித்த கோப்பின் பெயர் முடிவில் '.இஎம்எல்' என்று சேர்த்துத் தண்டர்பேர்டு செயலியில் திறந்தால் அதுவே மாறுவேடத்தைக் கலைத்துவிடும். கோப்பின் மேலேயுள்ள தலைப்பு வரிகளை 'தேவையற்றவை' என்று நீக்கிவிடாதீர்கள். எந்த மாறுவேடம் என்ற குறிப்பு அங்கேதான் இருக்கிறது.

இன்னும் இரண்டு. பல கடிதங்களை ஒரே கோப்பில் அடுக்கும் முறையில், 'ஃப்ரம்' என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரிதான் புதிய கடிதத்தின் எல்லை. கடிதத்துக்குள்ளேயே அப்படி ஒரு வரி வந்தால், குழப்பம் தவிர்க்க அதன் முன் '>' சேர்க்கப்படும். அதை மட்டும் நீக்கினால் போதும். வரிதோறும் கடைசியில் '^எம்' தெரிந்தால் அது விண்டோஸ் கோப்பு. விண்டோஸ் வரி முடிவுக்கு 13, 10 என்ற இரு குறிகளை இடுகிறது. யூனிக்ஸுக்கு 10 மட்டும் போதும். எஞ்சிய 13தான் '^எம்'. 'டாஸ்2யூனிக்ஸ்' என்னும் கட்டளை அதை நீக்கிவிடும். அது மூலக்கோப்பின்மேலேயே எழுதும், எனவே ஒரு நகல் எடுத்துவைத்த பிறகே இயக்குங்கள்.