பதினான்கு வயதோடு நின்றுவிடக் கூடாத படிப்பு

பனியன் கம்பெனி வாட்ச்மேன், பாஸ்ட் புட் கடை மாஸ்டர், செக்கிங் டேபிளில் நிற்கும் பெண் என்று திருப்பூரில் பிழைக்கும் நேபாளக் குடும்பங்கள் இங்கே தங்குவதற்கு விசா வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டு இந்திய-நேபாள ஒப்பந்தம் அவர்கள் வசிக்கவும் தொழில் செய்யவும் வழி திறந்தது. பிள்ளைகளின் படிப்புக்கோ 14 வயதில் சிக்கல் தொடங்குகிறது.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையுள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்தும். இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் என்று அதில் இல்லை. வயதுச் சான்று இல்லை, டிசி வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆதார் இல்லாததும் காரணமாகாது. உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் எட்டாம் வகுப்பைத் தாண்டினால் இந்தச் சட்டம் துணைக்கு வராது. அதனால்தான் அதற்கு முன்பே அரசுப் பள்ளியில் பெயரைச் சேர்த்துவிடுங்கள் என்று வற்புறுத்துகிறேன். அங்கேயே பத்தும் பிளஸ் டூவும் முடித்த பிள்ளை, கல்லூரி வாசலில் சமநிலைச் சான்றுக்காக, அதாவது வெளிநாட்டுப் படிப்பு இங்குள்ள படிப்புக்குச் சமம் என்ற சான்றுக்காக, அலைய வேண்டியதில்லை.

நேபாளத்தில் படித்துவிட்டு வருகிறவர்களுக்குத்தான் அலைச்சல் அதிகம். அங்கே பத்தாம் வகுப்பு முடிவில் எஸ்.இ.இ. தேர்வு உண்டு; பிளஸ் டூ தேர்வைத் தேசியத் தேர்வு வாரியம் நடத்துகிறது. சான்றிதழில் மதிப்பெண்ணுக்குப் பதில் கிரேடு இருக்கும். பிறந்த தேதி நேபாள வழக்கப்படி விக்ரம ஆண்டில் இருக்கும். 2065 வைசாக மாதம் என்றால் நமக்கு 2008 ஏப்ரல். அதே 2065இன் மாக மாதமோ 2009 ஜனவரி. கண்ணை மூடிக்கொண்டு 57ஐக் கழித்தால் ஒரு வயது மாறிப்போகும். பள்ளிப் பதிவில் ஒரு தேதியும் அடையாள அட்டையில் வேறு தேதியும் ஏறிவிட்டால், திருத்துவதற்குள் சேர்க்கையே முடிந்துவிடும். ஆகவே முதல் விண்ணப்பத்திலேயே ஆங்கிலத் தேதியைச் சரிபார்த்து எழுதுங்கள். நேபாளப் பிளஸ் டூ முடிவுகள் வர ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிடுவதுண்டு. இங்கே அரசுக் கல்லூரி விண்ணப்பமோ மே மாதமே தொடங்கிவிடும். சமநிலைச் சான்றை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் வழங்கிவந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியும் 2025 ஏப்ரலில் இதற்குத் தனி விதிமுறை வெளியிட்டிருக்கிறது. யாருடைய சான்றை ஏற்பார்கள் என்று கல்லூரியில் முன்கூட்டியே கேளுங்கள்.

ஊருக்குள்ளேயே சிக்கண்ணா அரசு கலைக் கல்லூரியும், பெண்களுக்கு எல்.ஆர்.ஜி. அரசு கலைக் கல்லூரியும் இருக்கின்றன. பின்னலாடைத் துறைக்கென்றே நிப்ட்-டீ கல்லூரி இருக்கிறது. அது தனியார் கல்லூரி, கட்டணம் கேட்டுக்கொண்டு போக வேண்டும். வெளிநாட்டுக் குடிமக்களுக்கான சேர்க்கை விதி கல்லூரிக்குக் கல்லூரி மாறும். உதவித்தொகை கிடைத்துவிடும் என்று நம்பிப் பணக்கணக்கு போட வேண்டாம். இருப்பிடச் சான்றும் சாதிச் சான்றும் கேட்கும் இடங்களில் இவர்கள் தடுமாறக்கூடும்.

இந்தத் தடுமாற்றத்தில்தான் புரோக்கர் நுழைகிறார். சீட் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்கும் முன், யுஜிசி வெளியிடும் போலிப் பல்கலைக்கழகப் பட்டியலைப் பாருங்கள். பொறியியல் என்றால் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏஐசிடிஇ) அனுமதி உண்டா என்று கேளுங்கள். அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது யுஜிசியின் 2018 உத்தரவு. சரிபார்த்ததும் திருப்பித் தந்துவிட வேண்டும். கட்டிய பணத்துக்குக் கல்லூரி பெயரிலேயே ரசீது வாங்குங்கள். சான்றிதழையோ ரசீதையோ கல்லூரி கொடுக்க மறுத்தால் யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் தரலாம்.

லைன் வீட்டு உரிமையாளர்களே, கம்பெனி மேலாளர்களே, ஆசிரியர்களே: உங்கள் காம்பவுண்டில் பள்ளிக்குப் போகாத நேபாளப் பிள்ளை இருந்தால் வேலைக்குக் கூப்பிடாதீர்கள். கல்வித்துறை உதவி எண் 14417. குழந்தையை வேலைக்கு வைத்திருந்தால் 1098. தமிழ் பேசத் தயங்கும் அந்தப் பெற்றோருக்காக நீங்கள் அழையுங்கள்.